காணிக்கையின் எடையோடு உருவமும் பதியப்படட்டும்: அறநிலையத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அவர்களுக்கும், தமிழகமெங்கும் உள்ள அம்மன் திருக்கோயில்களின் அறங்காவலர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

அம்மன் சந்நிதிகளில் மக்கள் நேர்ந்துகொண்டு செலுத்தும் சிறு பொருள்களைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். கண்மலர், கை, கால், குழந்தை முதலான தகட்டு உருக்கள், வேப்ப மரத்தடியில் வைக்கப்படும் மண் பொம்மைகள், கிளைகளில் கட்டப்படும் மரத்தொட்டில்கள், மண்ணில் ஊன்றப்படும் சூலங்கள், உபயதாரர் பெயர் பொறித்த விளக்குகளும் மணிகளும், சேலைகள், வளையல்கள், உப்பும் மிளகும், குங்குமம் என்று இவை பல வகை. இவற்றுள் பொன்னுக்கும் வெள்ளிக்கும் எடை போட்டுக் கணக்கு எழுதப்படுகிறது. மற்றவை பெரும்பாலான கோயில்களில் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகின்றன. உருக்குவதற்கு முன்பும், ஏலம் விடுவதற்கு முன்பும், திருப்பணிக்காக அப்புறப்படுத்துவதற்கு முன்பும் இவற்றின் உருவத்தைப் படமெடுத்து, எந்த வேண்டுதலுக்காகச் செலுத்தப்படுவது என்பதைக் குறித்து, வகைக்கு ஒன்றையாவது காத்து வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பொன்னில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இவ்வளவு கவனத்தோடு ஒரு பணியைச் செய்ய முடியும் என்பதைத் துறை அதில்தான் காட்டியிருக்கிறது. கோயில்களில் பயன்பாடின்றி இருந்த, வெவ்வேறு தூய்மை கொண்ட பலமாற்றுப் பொன் இனங்களைப் பிரித்தெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையிலான மூன்று குழுக்களின் மேற்பார்வையில் மும்பையில் உள்ள அரசு நாணய ஆலையில் உருக்கிக் கட்டிகளாக்கி, பாரத ஸ்டேட் வங்கியில் முதலீடு செய்யும் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. திருவேற்காடு தேவி கருமாரியம்மன், சமயபுரம் மாரியம்மன், இருக்கன்குடி மாரியம்மன் ஆகிய மூன்று கோயில்களில்தான் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட கணக்கின்படி, 21 கோயில்களின் தங்கம் ஆயிரம் கிலோவைத் தாண்டியிருந்தது. அதில் சமயபுரத்தின் பங்கு மட்டும் 400 கிலோவுக்கு மேல். ஆண்டுக்கு 17 கோடி ரூபாய்க்கும் அதிகமான வட்டி கோயில்களுக்கு வருவதாகவும் அப்போது தெரிவிக்கப்பட்டது. முதல் மூன்றும் அம்மன் கோயில்களாகவே அமைந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. குன்றிமணி அளவில் ஒரு பொட்டு, ஒரு தாலிக்குண்டு, குழந்தையின் காதில் இருந்து கழற்றிய ஒரு கம்மல் என்று ஏழை வீடுகளில் இருந்து துளித்துளியாகப் பொன் வந்து சேர்வது அவள் சந்நிதியில்தான்.

அந்தத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. பெட்டகத்தில் கிடக்கும் பொன் கோயிலின் விளக்குக்கும் திருப்பணிக்கும் பயன்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் உருக்கிய பிறகு எடையும், தூய்மையைக் குறிக்கும் மாற்றும் மட்டுமே மிஞ்சுகின்றன. தாலிக்குண்டு எந்த அமைப்பில் இருந்தது, எந்த வட்டாரத்து வேலைப்பாடு, எந்தச் சமூகத்துப் பெண்கள் அணிவது என்பதெல்லாம் கட்டியில் இல்லை. நீதிபதிகள் குழு அமர்ந்து பிரித்துப் பார்க்கும் அந்த நாளிலேயே ஒருவர் ஒளிப்படக் கருவியோடும் ஒரு குறிப்பேட்டோடும் அருகில் இருந்து, வகைக்கு ஒன்றாகப் படமெடுத்து எழுதிக்கொண்டால், திட்டம் ஒரு நாள்கூடத் தாமதமாகாது.

பொன்னுக்கே இந்த நிலை என்றால், தகட்டு உருக்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கோயில் வாசல் கடைகளில் தட்டில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும் அந்த மெல்லிய தகடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அச்சில் வைத்து அழுத்தி எடுத்த ஒரு இணைக் கண், விரல்கள் விரிந்த ஒரு கை, முழங்காலோடு ஒரு கால், வயிறு, தொட்டிலில் ஒரு குழந்தை, ஆண் உரு, பெண் உரு, வீடு, பாம்பு, தேள். வசதி உள்ளவர்கள் வெள்ளியில் வாங்குகிறார்கள். இல்லாதவர்கள் விலை குறைந்த உலோகத் தகட்டில் வாங்குகிறார்கள். நோயுற்ற உறுப்பின் மேல் அதை ஒற்றி எடுத்து, சந்நிதியைச் சுற்றி வந்து, உண்டியலில் இடுகிறார்கள். சில கோயில்களில் கட்டணம் செலுத்தி உருவை எடுத்து, பிராகாரம் சுற்றி, மீண்டும் அங்கேயே வைத்துவிடும் வழக்கமும் உண்டு. இரண்டும் முறையான வழிபாடுதான்.

உண்டியல் திறக்கும் நாளில் நாணயங்களும் தாள்களும் ஒரு பக்கம் பிரிகின்றன, பொன்னும் வெள்ளியும் இன்னொரு பக்கம். மற்ற உருக்கள் ஒரு வாளியிலோ சாக்கிலோ ஒதுக்கப்பட்டு, பிறகு பழைய உலோகமாக எடைக்குப் போகின்றன. அந்தச் சாக்கில் இருப்பது ஒரு வட்டாரத்தின் நோய் வரலாறு என்றே நான் கருதுகிறேன். எந்தக் கோயிலில் கண் மிகுதி, எங்கே கால், எங்கே தொட்டில் என்பதை ஆண்டுதோறும் எண்ணி எழுதியிருந்தால், அந்தப் பகுதி மக்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை நாடினார்கள் என்பது தெரிந்திருக்கும். மருத்துவமனைப் பதிவேடுகளில் ஏறாத துயரங்கள் இவை. 1977-இல் இந்தியா பெரியம்மை அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. மாரியம்மனிடம் மக்கள் தலைமுறை தலைமுறையாக மன்றாடிய கொடிய நோய் ஒன்று அத்துடன் ஒழிந்தது. அந்த மாற்றம் நேர்ந்த ஆண்டுகளில் அவளுடைய உண்டியல்களில் எந்த உருக்கள் குறைந்தன, எவை புதிதாக வந்தன என்று அறிய இன்று நமக்கு வழியே இல்லை. இனி வரும் ஆண்டுகளுக்காவது அந்த வழியைத் திறந்து வைக்கலாம்.

இது புதிய வேண்டுகோளும் இல்லை. கொடுத்தவற்றைப் பதிந்து வைப்பதில் தமிழகக் கோயில்களுக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் முதலாம் இராசராசனின் புகழ்பெற்ற ஆணை, தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், ‘மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று சொல்கிறது. பேரரசன் தன் பெயரோடும் தமக்கையின் பெயரோடும் நிறுத்திக்கொள்ளாமல், மற்றவர்கள் கொடுத்ததையும் அதே விமானத்தில் எழுதச் சொன்னான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தக் கல்வெட்டுகளில் குந்தவை எழுந்தருளுவித்த உமாபரமேசுவரித் திருமேனிகளும் அவற்றுக்கு அளித்த அணிகலன்களும் இடம்பெறுகின்றன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, கழஞ்சிலும் மஞ்சாடியிலும் எடை குறிக்கப்படுகிறது. ஆனால் எடையோடு எழுத்து முடிந்துவிடுவதில்லை. எந்த அணி, அதில் எத்தனை முத்து, அந்த முத்துகள் எத்தகையவை என்று குறையுள்ள முத்துகளைக்கூட வகை பிரித்து எழுதியிருக்கிறார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டால், அவற்றை ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லி, நெய் அளக்கும் பொறுப்பு எந்த இடையரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் குறித்தார்கள்.

அந்த நோக்கம் இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம், 1959-இன் 29-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. நகைகள், பொன், வெள்ளி, பாத்திரங்கள், பிற அசையும் பொருள்கள் அதில் எழுதப்பட வேண்டும். ‘பிற அசையும் பொருள்கள்’ என்ற அந்தச் சொற்றொடருக்குள் நான் சொல்லும் கண்மலருக்கும் மண் குழந்தைக்கும் இடமில்லையா? ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாக எழுத முடியாது என்பதை அறிவேன், அதைக் கேட்கவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை வகைகளை எழுதினால் போதும்.

விளக்குகளையும் மணிகளையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றில் இழப்பு மீட்க முடியாதது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்கு 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண் ஒருவர் அளித்த பாவை விளக்கைக் கலை வரலாற்றை அறிந்தோர் அனைவரும் அறிவர். தான் விரும்பியவரை மணக்க வேண்டி நேர்ந்துகொண்டு, அது நிறைவேறியபின் செலுத்திய விளக்கு என்பதை அதன் பீடத்தில் உள்ள எழுத்தே சொல்கிறது. அந்த எழுத்து இல்லாதிருந்தால், அழகான ஒரு பித்தளைப் படிமம் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரிந்திராது. அம்மன் கோயில்களின் இருட்டறைகளில் இப்படி எழுத்துப் பொறித்த விளக்குகளும் மணிகளும் தூபக்கால்களும் நிறைய உண்டு. ‘இன்னார் உபயம்’ என்று கோணலான எழுத்தில் பொறித்து, ஊரும் தமிழ் ஆண்டும் சேர்த்திருப்பார்கள். பிள்ளை பிறந்ததற்கு, கிணற்றில் தண்ணீர் வந்ததற்கு, கடல் கடந்து போனவர் திரும்பியதற்கு என்று காரணம் எழுதியவையும் இருக்கும். புதிதாக எவர்சில்வர் விளக்கும் மின்மணியும் வந்ததும் பழையவை ‘பயனற்ற பித்தளை’ என்ற தலைப்பில் ஏலத்துக்குப் போகின்றன. எழுத்துள்ள எந்தப் பொருளையும் படியெடுக்காமல் ஏலம் விடக்கூடாது என்று ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இம்மடலில் நான் கேட்பவற்றுள் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்று வேண்டுவேன்.

படமெடுத்து வைப்பதன் பயனைத் துறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் நம் ஊர்க் கோயில்களுக்குச் சென்று எடுத்து வைத்த ஒளிப்படங்கள், களவுபோன திருமேனிகள் நம்முடையவை என்பதை நிறுவும் சான்றாகப் பின்னாளில் விளங்கின. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் ஸ்ரீபுரந்தான் நடராசரும் 2014-இல் ஆஸ்திரேலியாவில் இருந்து திரும்பியதை நாடே பார்த்தது. ஆனால் களவு போவது தெய்வத் திருமேனிகள் மட்டுமா? பழைய தூக்கு விளக்குக்கும், தேய்ந்த சூலத்துக்கும், வெள்ளிக் கவசத்துக்கும் வெளிச்சந்தையில் விலை இருக்கிறது. படமே இல்லாத பொருள் காணாமல் போனால், அது இருந்தது என்பதையே யாரால் நிறுவ முடியும்?

எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்கச் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். காணிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் உரிய முடிவு ஒன்று உண்டு, அதை மதிப்பதும் வழிபாட்டின் பகுதிதான். தஞ்சையை அடுத்த புன்னைநல்லூரில் மாரியம்மனை வேண்டி வெல்லத்தைக் குளத்தில் இடுகிறார்கள். வெல்லம் கரைவதுபோல் உடலில் வந்த கட்டியும் கரைய வேண்டும் என்பது நம்பிக்கை. கரைந்தால்தான் அந்தக் காணிக்கை நிறைவேறுகிறது. மண்டைக்காட்டில் புற்றாக எழுந்தருளியிருக்கும் பகவதிக்குத் தலைநோய் தீர மண்டையப்பம் படைக்கிறார்கள். அது உண்ணப்பட வேண்டியது; காக்கப்பட வேண்டியது அதைச் செய்யும் முறையும், அதை அறிந்த கைகளும். முளைப்பாரி நீரில் விடப்பட வேண்டும். பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்காக உடுத்தும் வேப்பஞ்சேலை வாட வேண்டியதுதான். சேலை யாரேனும் ஒருத்தியின் மேல் ஏற வேண்டும். ஆடிப்பூரத்து வளையல் பெண்களின் கைக்குப் போக வேண்டும். அவ்வாறு போகிற கோயில்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

மண் உருக்களிடம் வரும்போதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. குழந்தை வேண்டிப் பெற்றவர்கள் செலுத்தும் மண் குழந்தை, நடக்க முடியாதவருக்காக வைக்கும் மண் கால், மாட்டுக்காக ஒரு மண் மாடு ஆகியவற்றை வனைந்து தருபவர்கள் வேளார்கள். பல ஊர்களில் அவர்களே அம்மனுக்கும் ஐயனாருக்கும் பூசாரிகள். ஆற்று மண்ணும் குளத்து வண்டலும் சேர்த்துப் பிசைந்து, சூளையில் சுட்டு, சுண்ணாம்பும் காவியும் பூசி, கண் திறந்து, ஊர்வலமாக எடுத்து வந்து வைக்கும் இந்த உருக்கள் வெயிலிலும் மழையிலும் இற்று மெல்ல மண்ணோடு சேர வேண்டும். அதுவே அவற்றின் இயல்பு. ஆனால் குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் வளாகத்தைத் ‘தூய்மை’ செய்கிறோம் என்று பொக்லைன் எந்திரத்தைக் கொண்டுவந்து, தலைமுறைகளாகக் குவிந்திருந்த உருக்களை நொறுக்கி அள்ளி, கட்டட இடிபாடுகளோடு சேர்த்துக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் வழுவழுப்பான தரைக்கல் பதிப்பது மண்ணோடு சேர்வது ஆகாது. அப்படி நடந்த ஒரு கோயிலை நான் அறிவேன். அதன் பெயரைச் சொல்லி ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கம் இல்லை, ஏனென்றால் அங்கிருந்தவர்களும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். செய்யக்கூடாது என்று எந்த ஆணையும் அவர்கள் கையில் இல்லை. குடமுழுக்குக்கான திருப்பணிக்கு முன் வல்லுநர் குழுவின் ஒப்புதல் பெறும்போது, வளாகத்தில் உள்ள நேர்த்திக்கடன் உருக்களின் பட்டியலையும் படங்களையும் இணைக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், இந்த அழிவில் பெரும்பகுதி நின்றுவிடும். அப்புறப்படுத்தியே தீர வேண்டும் என்றால், அந்த ஊர் வேளாரையும் பூசாரியையும் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் அவர்கள் சொல்லும் முறையில் மண்ணுக்குக் கொடுங்கள்.

இனி, அம்மன் திருமேனிக்கு முன் என்ன வைக்கலாம், என்ன வைக்கக்கூடாது என்பது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காணிக்கையைப் பேணுவதும் அதை ஏற்கும் திருமேனியைப் பேணுவதும் பிரிக்க முடியாதவை. எல்லா அம்மன்களும் கருங்கல்லில் அமைந்தவர்கள் இல்லை. புன்னைநல்லூர் மாரியம்மன் புற்று மண்ணால் ஆனவள். மூலவருக்கு நீராட்டு இல்லை, ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை ஒரு மண்டலம் தைலக்காப்புதான். சமயபுரத்திலும் நீராட்டு உற்சவ மூர்த்திக்கே. மாங்காட்டில் மூலிகைகளால் ஆன அர்த்தமேரு என்னும் ஸ்ரீசக்கரத்துக்குக் குங்கும அர்ச்சனை உண்டு, அபிஷேகம் இல்லை. இவையெல்லாம் திருமேனியின் பொருளை அறிந்து முன்னோர் வகுத்த விதிகள். நம்பிக்கையும் பொருளறிவும் ஒரே விதியில் இணைந்திருப்பதை இவற்றில் காணலாம். சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள்; அந்த நாள்களில் தளிகை நைவேத்தியம் இல்லை, துள்ளு மாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். எதைப் படைப்பது, எப்போது படைக்காமல் இருப்பது என்பதற்கு இவ்வளவு நுட்பமான ஒழுங்கு உள்ள ஒரு மரபில், இன்று கடையில் கிடைக்கும் எதையும் வாங்கிச் சந்நிதியில் குவிக்கலாம் என்ற நிலை எப்படி வந்தது?

குங்குமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காரப் பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். அந்த இயல்பைக் கொண்டு மஞ்சளில் வெண்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குங்குமம் செய்தார்கள். இன்று வாசலில் விற்கும் பொடிகள் பலவற்றில் மாவும் சாயமும்தான் இருக்கின்றன. அது அம்மன் பாதத்தில் படிந்து கல்லிலும் உலோகத்திலும் கறையாகிறது, அதையே பெண்கள் நெற்றியில் இட்டுத் தோல் தடித்து வருந்துகிறார்கள். கற்பூரப் புகை கருவறைச் சுவரில் கரியாகப் படிந்து, சிற்பத்தின் முகத்தையும் கல்வெட்டின் எழுத்தையும் மூடுகிறது. பலிபீடத்தில் கொட்டிய உப்பு ஈரத்தில் கரைந்து கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காயும்போது மணியாகி, கல்லின் மேற்பரப்பையே உரித்துவிடும். உப்பும் மிளகும் செலுத்தும் வேண்டுதலை நிறுத்தச் சொல்வது பாவம். கல்லின் மேல் கொட்டாமல் ஒரு மரத்தொட்டியிலோ மண் தொட்டியிலோ செலுத்த ஏற்பாடு செய்யலாமே? செயற்கை இழைச் சேலையைத் தீபத்துக்கு அருகில் சாத்துவதில் உள்ள ஆபத்தை அர்ச்சகர்கள் நன்றாக அறிவார்கள், ஆனால் பக்தரிடம் மறுத்துச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம். கோயிலே ஒரு பலகை வைத்தால் அந்தத் தயக்கம் தீரும்: இந்த அம்மனின் திருமேனி இன்னது, ஆகவே இவற்றைக் கொண்டு வாருங்கள், இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பலகையில் வருவதை அந்தக் கோயிலின் பூசகர்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சென்னையில் இருந்து எல்லாக் கோயில்களுக்கும் ஒரே பட்டியல் அனுப்பினால், நான் காக்கச் சொல்லும் வேறுபாடுகளை அதுவே அழித்துவிடும்.

எனக்கு வரக்கூடிய மறுப்பு ஒன்றை நானே எழுப்பிப் பார்த்திருக்கிறேன். அம்மனுக்கும் வேண்டிக்கொண்டவளுக்கும் இடையில் உள்ளதைப் படமெடுத்துப் பட்டியலிடுவது தகுமா என்று பக்தியுள்ள ஒருவர் கேட்பார். கேட்பது நியாயம். ஆகவே யார் செலுத்தினார்கள் என்று கேட்கவே கூடாது. செலுத்தும் வேளையில் யாரையும் படமெடுக்கவும் கூடாது. பொருள் அவள் பாதத்தைச் சேர்ந்து, வழிபாடு நிறைவேறி, கோயில் அதை அகற்றும் நேரம் வந்தபின்பே பதிவு தொடங்க வேண்டும். காத்து வைக்கும் ஒன்றையும் பூசகரின் ஒப்புதலோடும் உரிய சடங்கோடும் எடுக்க வேண்டும். தனக்கு இசைவில்லை என்று ஒரு ஊர் சொன்னால், அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். படமும் வேண்டாம் என்றால் எழுத்துக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு, ஆள் பற்றாக்குறை. ஒரே செயல் அலுவலர் பல கோயில்களைச் சுமக்கும் நிலையில் இந்தப் பணியையும் அவர் தலையில் வைக்க நான் விரும்பவில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசு அருங்காட்சியகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. அங்குள்ள மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த களப்பணி கிடைக்காது. உண்டியல் எண்ணும் நாளில் தன்னார்வலர்களை அனுமதிக்கும் நடைமுறை ஏற்கெனவே இருப்பதால், இரண்டு மாணவர்களைக் கூடுதலாக அமர்த்துவதற்குப் புதிய விதி எதுவும் தேவைப்படாது. அவர்கள் அச்சுத் தகடு செய்யும் பட்டறைகளுக்கும் வேளார் தெருக்களுக்கும் போய், எந்த அச்சு எவ்வளவு பழையது, யார் வெட்டியது, இப்போது எந்த உருவைக் கேட்டு மக்கள் வருகிறார்கள் என்று எழுதி வர வேண்டும். செய்பவர்களின் சொல் இல்லாமல் பொருளை மட்டும் சேர்ப்பது பாதிப் பதிவுதான்.

தொடக்கத்துக்கு மூன்று கோயில்கள் போதும். பொன் திட்டம் எங்கே தொடங்கியதோ, அங்கேயே இதுவும் தொடங்கட்டும். திருவேற்காட்டிலும் சமயபுரத்திலும் இருக்கன்குடியிலும் அடுத்த உண்டியல் திறப்பின்போது, ஒதுக்கி வைக்கப்படும் உருக்களை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியில் வகை வகையாகப் பரப்பி, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, எண்ணிக்கையை எழுதி, வகைக்கு இரண்டை எடுத்து, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை மாவட்ட அருங்காட்சியகத்திலும் வைக்க ஆணையிடுங்கள். அந்தப் பதிவை மூன்று கோயில்களின் அறிவிப்புப் பலகைகளிலும் பக்தர்கள் பார்க்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். எழுத்துப் பொறித்த விளக்கு, மணி, பாத்திரம் எதையும் படியெடுக்காமல் ஏலத்துக்கு அனுப்பக்கூடாது என்ற சுற்றறிக்கை மட்டும் மூன்று கோயில்களுக்காகக் காத்திராமல், எல்லா மண்டல இணை ஆணையர்களுக்கும் உடனே போக வேண்டும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களுக்கு வரும் காணிக்கை பெருகும், அதற்கேற்பப் பழையவற்றை அகற்றும் வேலையும் பெருகும் என்பதால், ஆடி பிறப்பதற்கு முன் அந்தச் சுற்றறிக்கை வந்து சேர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மன் சந்நிதிகளில் வழிபட்டுவரும் ஒருவர்